போனுக்கு விரல் இல்லை

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். வரலாறு, அரசறிவியல், தமிழ், புவியியல் என்று ஆளுக்கொன்று படிக்கிறோம். மருத்துவம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கட போன்களைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஆஸ்பத்திரியே இருக்கும். பெரியம்மாவின் சீனி ரிப்போட், பக்கத்து வீட்டு மாமாவின் ஸ்கேன், அம்மம்மாவின் கிளினிக் கொப்பியில் கடைசிப் பக்கம், அரைவாசி நிழல் விழுந்த மருந்துத் துண்டு. அதுக்குக் கீழே ஒரு குரல்பதிவு: "பிள்ளை, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லம்மா."

கம்பஸ் போன பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும், இங்கிலீஷ் தெரிஞ்சால் ரிப்போட்டும் விளங்கும். ஊரில் இதுதான் கணக்கு. கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் 'எச்' என்று ஓர் எழுத்து நின்றால் அது கூட என்று எங்களுக்கும் தெரியும். எவ்வளவு கூடினால் பயப்பட வேண்டும், எவ்வளவு என்றால் தண்ணி குடித்துவிட்டு அடுத்த கிளினிக் வரை இருக்கலாம் என்பது தெரியாது. மருந்துத் துண்டில் வேறு பாதி லத்தீன். 'மானே' என்றால் காலை, 'நொக்டே' என்றால் இரவு என்று நாங்கள் படித்தது எந்த விரிவுரையிலும் இல்லை, மாமிமாருக்குப் பதில் சொல்லப் போய்த்தான். மருத்துவபீடத்தில் கூட்டாளி இருக்கிறவர்கள் அங்கே அனுப்பிக் கேட்கிறோம். இல்லாதவர்கள் கூகிளிடம் கேட்கிறோம், இப்போது சாட்ஜிபிடியிடமும். கடைசியில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "டொக்டரிட்டக் காட்டுங்கோ மாமி." மாமி ஏற்கெனவே டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறா. டொக்டர் சொன்னது விளங்காததால்தான் எங்களிடம் வந்தவா.

சுகாதார சேவையை டிஜிட்டல் ஆக்குவது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் இந்த மாமியும் இல்லை, சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராகி நிற்கிற நாங்களும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 'எந்த வருத்தம் எண்டாலும் நேரில போய்த்தான் காட்ட வேணும், போன் வைத்தியம் ஏமாத்து' என்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. கிளினிக் நாள் என்றால் என்ன என்று எங்கட வீடுகளுக்குத் தெரியும். விடிய 4 மணிக்கு எழும்பி, முதல் பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, டொக்டரோடு ஐந்து நிமிஷம் கதைத்துவிட்டு, பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது அன்றைக்கு ஒரு பேர் போச்சு என்று அர்த்தம். எங்களோடு படிக்கிற அட்டன் பிள்ளை ஒருத்தி சொல்வாள், அவளுடைய அம்மா பிரஷர் கிளினிக்கைத் தவறவிடுவது மறதியால் இல்லை, சம்பளக் கணக்கைப் பார்த்துத்தான் என்று.

நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் குறிகட்டுவானுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கடல், அங்கிருந்து தரைவழி. கடல் அடித்தால் அதுவும் கஷ்டம். அப்படியான இடத்தில் நெஞ்சு நோ என்று வருகிற ஒருவரின் ஈசிஜியைப் போட்டோ எடுத்து நகரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பி, சில நிமிஷங்களில் பதில் எடுக்க முடியும் என்றால் அதை வேண்டாம் என்று யார் சொல்வார்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்கு வந்தன. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எத்தனையோ டொக்டர்மார் சொந்தப் போனில் நோயாளிகளோடு கதைத்தார்கள். எல்லாம் உண்மை.

எங்கட பிரச்சினை வேறு. போனில் வைத்தியம் பார்க்கிறபோது மொழியின் பாரம் குறைவதில்லை, கூடுகிறது. இதை ஒருத்தரும் கணக்கில் எடுத்த மாதிரித் தெரியவில்லை.

வாட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வடக்கு, கிழக்கு, மலையக ஆஸ்பத்திரிகளில் தென்பகுதியிலிருந்து வந்த, தமிழ் தெரியாத இளம் டொக்டர்மார் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 'எங்க நோகுது?', 'எத்தினை நாள்?', 'மூச்சு எடுங்க' என்று பத்துப் பதினைந்து வசனம் பாடமாக்கிக்கொண்டு ஓடித்திரிகிற அந்தப் பிள்ளைகளை எங்களுக்குப் பிடிக்கும். அங்கே வேலை நடப்பதற்குக் காரணம் அந்தப் பதினைந்து வசனம் மட்டுமில்லை. நோயாளி விரலை நீட்டி 'இஞ்ச' என்று காட்டுவார். டொக்டர் அந்த இடத்தில் அமத்துவார். முகம் சுழியும். பக்கத்துக் கட்டில் அக்கா இரண்டு சொல் சிங்களத்தில் எடுத்துக் கொடுப்பா. அட்டென்டன் ஐயா மிச்சத்தைச் சொல்லுவார். இப்படி ஒருமாதிரிச் சமாளித்துத்தான் வைத்தியம் நடக்கிறது.

போனுக்கு விரல் இல்லை. பக்கத்துக் கட்டிலும் இல்லை. சொல் மட்டும்தான் இருக்கிறது.

அந்தச் சொல்தான் என்ன? இலங்கைத் தமிழில் 'வருத்தம்' என்றால் நோய். இந்தியத் தமிழில் அது கவலை. இங்கே 'சத்தி' என்றால் வாந்தி. அதே எழுத்தைச் 'சக்தி' என்று வாசிக்கவும் ஒரு வழி இருக்கிறது. 'நாரி நோகுது' என்றால் இடுப்புக்குப் பின்பக்கம், முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி. 'முட்டு' என்றால் ஆஸ்த்மா. 'கால் விறைக்குது' என்பது சீனி வருத்தக்காரர் சொன்னால் டொக்டர் உடனே கவனிக்க வேண்டிய விஷயம். தொழில்நுட்பம் மொழிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும், பேசினால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கும் என்று சொல்கிறார்கள். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் இந்தியத் தமிழை வாசித்து வளர்ந்தவை. 'எனக்கு மூண்டு நாளா வருத்தம், நேற்று முழுக்கச் சத்தி' என்று எங்கட அப்பம்மா சொன்னதை அது எப்படி விளங்கிக்கொள்ளும்? மூன்று நாள் கவலைக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கச் சக்தி பெருகியதாக ஒரு குறிப்பு டொக்டரின் திரையில் போய் விழலாம். சிரிப்பு வருகிறதுதான். அந்தக் குறிப்பை நம்பி ஒருவர் மருந்து எழுதினால் சிரிப்பு வராது.

இதே ஆபத்து மறுபக்கமும் இருக்கிறது. சாட்ஜிபிடியிடம் ரிப்போட்டைக் கொடுத்துத் தமிழில் விளக்கம் கேட்டால் நல்ல தமிழில்தான் தருகிறது. வாசித்துக் காட்டினால் மாமி தலையாட்டுகிறா. முடிந்ததும், "அப்ப சோறு சாப்பிடலாமோ?" என்று கேட்கிறா. அதுதான் அவவின் கேள்வி. அந்தக் கேள்விக்குரிய பதில், அவவின் வயது, எடை, எடுக்கிற மற்றக் குளிசைகள் எல்லாம் தெரிந்த ஒருவரிடம்தான் இருக்கிறது.

இனி எஸ்.எம்.எஸ். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நாங்கள் கொஞ்சம் இதில் நின்றுவிடுகிறோம். சனலிங் செய்தாலும் இரத்தம் கொடுத்தாலும் இப்போது போனுக்கு ஒரு செய்தி வருகிறது. எங்கட வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பகுதி இங்கிலீஷில்தான். ஏன் தமிழில் இல்லை என்று கேட்டால் அரசியல் காரணம் சொல்லலாம். அதோடு ஒரு கணக்குக் காரணமும் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ் என்பது 160 எழுத்து. தமிழிலோ சிங்களத்திலோ அனுப்பினால் அது 70ஆகச் சுருங்கிவிடும். அந்த 70இலும் எங்கட கொம்பு, குற்று, விசிறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'வைத்தியசாலை' என்பது கண்ணுக்கு 6 எழுத்து, போனுக்கு 11. ஆகவே இங்கிலீஷில் ஒரு செய்திக் காசில் முடிகிற விஷயம் தமிழில் இரண்டு, மூன்று செய்தியாகும். மென்பொருள் செய்கிற நிறுவனத்துக்கு இது செலவு. பழைய பட்டன் போனில் அந்தத் தமிழ் பெட்டி பெட்டியாக விழுகிற கதை வேறு.

செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. ('தமிழும்' என்பதில் உள்ள அந்த 'உம்' பற்றி எங்கட அரசறிவியல் வகுப்பில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்திருக்கிறோம், அதை இங்கே விடுவோம்.) தமிழிலே கடிதம் எழுதுவதற்கு எழுத்துக்கு இவ்வளவு என்று முத்திரை கூட ஒட்டச் சொல்வதில்லை. ஒரு நோயாளிக்கு அடுத்த கிளினிக் திகதியைச் சொல்கிற அரச செய்தி அவருக்கு விளங்குகிற மொழியில் போக வேண்டும் என்பதை 'வசதி இருந்தால் பார்ப்போம்' என்கிற பட்டியலில் வைக்க முடியாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குக் குரலில் அனுப்பலாம். ஊரில் டைப் பண்ணத் தெரியாத அம்மம்மாமாரெல்லாம் குரல்பதிவில் மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள், அந்தத் தொழில்நுட்பத்தை அவர்களுக்கு யாரும் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.

மொழியைக் காட்டிலும் எங்களுக்குக் கூடச் சங்கடமாக இருப்பது இன்னொன்று. போன் யாருடையது?

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் 'போன் நம்பர் சொல்லுங்கோ' என்று கேட்பார்கள். வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன்தான், அது ஏ.எல் படிக்கிற மகனிடம். அந்த நம்பரைத்தான் அம்மா கொடுப்பா. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. ஆஸ்பத்திரி எதுவென்று சொல்லவில்லை, எங்கேயும் நடக்கக்கூடியதுதான். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டுக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பரிசோதிக்கிற வெல் வுமன் கிளினிக் இருக்கிறதல்லவா, அங்கே அந்த அம்மா போய் வந்திருக்கிறா. பிறகு, திரும்ப ஒருக்கா வரச்சொல்லிக் கோல் வந்தது. எடுத்தது மகன். எடுத்த மிஸ்ஸுக்கு ஒரு பொடியனிடம் அதை எப்படிச் சொல்வது என்று சங்கடம். 'அம்மாவைக் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கோ' என்று மட்டும் சொன்னா. அவனும் எந்தக் கிளினிக் என்று கேட்கவில்லை. அம்மா அது சீனிக் கிளினிக்தான் என்று நினைத்து அடுத்த மாதம் வரை இருந்துவிட்டா. நல்ல காலம், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் போனது போனதுதான்.

இங்கே மிஸ்ஸிலும் பிழையில்லை, பொடியனிலும் பிழையில்லை. 'இது உங்கட சொந்தப் போனா?' என்று ஒருவரும் கேட்காததுதான் பிழை.

யாழ்ப்பாணத்துப் பக்கம் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கிற மகள் வீடியோ கோலில் வருவா. தனியார் ஆஸ்பத்திரி அறையில் போன் டொக்டரின் முகத்துக்கு நேரே திரும்பும். அவர்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் கதைப்பார்கள். அம்மா நடுவில் ஒரு பார்சல் மாதிரி இருப்பா. காசு அனுப்புகிற பிள்ளை, கவலைப்படுகிற பிள்ளை, அவவைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அம்மாவின் உடம்பைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாத ஒரு முடிவு அந்த அறையில் எடுக்கப்படுகிறது. 'அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, பயந்திடுவா' என்பதும் அதே கோலில்தான் நடக்கிறது.

எங்களுக்கு வருகிற ரிப்போட்டுகளும் அப்படித்தான். சித்தியின் ரிப்போட் மருமகனின் போனில், சில நேரம் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில், முப்பது பேர் பார்க்க. 'யாருக்காவது விளங்குதா?' என்று கேட்டுப் போட்டிருப்பார்கள். சீனி, பிரஷர் என்றால் பரவாயில்லை. காசநோய் என்றால்? மனநல மருந்து என்றால்? கலியாணம் ஆகாத பிள்ளையின் கர்ப்பப் பரிசோதனை என்றால்? 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவை விசேட வகை என்று பிரித்து வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் தனக்கு விளங்காத மொழியில் ரிப்போட்டை வாங்குகிற ஒருவர் அதை யாரிடமாவது காட்டித்தான் ஆக வேண்டும். அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிற வசதி இங்கிலீஷ் தெரிந்தவருக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

எல்லாமே மோசம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இந்த நாட்டில் நன்றாக வேலை செய்கிறவையும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1990 அம்புலன்ஸ் 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அதற்குச் செயலி தேவையில்லை, டேட்டா தேவையில்லை. எந்தப் பட்டன் போனிலும் நாலு இலக்கம் அமத்தினால் தமிழில் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும், காசும் இல்லை. எங்கட அம்மம்மாமாருக்கு பாடமாயிருக்கிற ஒரே அரச நம்பர் அதுதான் என்று நினைக்கிறோம்.

இன்னொன்று மிட்வைஃப் மிஸ்மார். குடும்பநல உத்தியோகத்தர் என்பது பதவிப் பெயர், ஊரில் மிட்வைஃப் மிஸ் என்றால்தான் தெரியும். தன் பிரிவில் உள்ள கர்ப்பிணித் தாய்மாரைச் சேர்த்து வட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிற மிஸ்மார் பலர். இரவு 10 மணிக்கு 'மிஸ், பிள்ளை துடிப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு' என்று குரல்பதிவு போனால், 'உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, காலமை மட்டும் இருக்காதேங்கோ' என்று பதில் வரும். அந்த மிஸ் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறா, அந்தப் பெண்ணின் மாமியாரையும் தெரியும், அவவுடைய மொழியும் தெரியும். அதனால்தான் அந்தக் குரூப் வேலை செய்கிறது. அதில் போகிற டேட்டா மிஸ்ஸின் காசு, போன் மிஸ்ஸின் போன், இரவுத் தூக்கமும் மிஸ்ஸின் தூக்கம். கோடிக்கணக்கில் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள், அதற்கு முதல் இந்தப் பெண்களுக்கு ஒரு அலுவலகப் போனும், மாத ரீலோட்டும், இரவு அழைப்புக்கு ஒரு கொடுப்பனவும் கொடுத்துப் பார்க்கட்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைச் செலவில்லாதது என்று நினைக்கக் கூடாது.

நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக்கில் பெயர் பதியும்போது போன் நம்பர் கேட்கிற அதே ஆள், அதோடு சேர்த்து மூன்று கேள்வி கேட்கட்டும். எந்த மொழியில் சொன்னால் உங்களுக்கு விளங்கும்? இந்தப் போன் யாருடைய கையில் இருக்கும்? அந்த ஆளுக்கு என்னென்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது? கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுத இடமிருக்கிறது, கணினியில் பதிகிற இடங்களில் மூன்று பெட்டி கூட்டினால் சரி. அதோடு ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும், ரிப்போட்டை வாசித்துத் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கப்படுத்துகிற பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு போனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு, மொழியியல் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கிற பட்டதாரிகள் இந்த நாட்டில் குறைவில்லை. (ஓம், இதில் எங்கட சுயநலமும் கொஞ்சம் இருக்கிறது.)

நோயைச் சொல்கிற சொற்களையும் நாங்கள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். மருத்துவபீடக் கூட்டாளிகள் இரண்டு பேர் ஒவ்வொரு சொல்லுக்கும் டொக்டர் என்ன விளங்கிக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் எழுதுகிறார்கள், சிங்களம் தெரிந்த ஒருத்தி அடுத்த நிரலை நிரப்புகிறாள். நாரி, முட்டு, சத்தி, உளைவு, விறைப்பு, பிரட்டு, தடிமன் என்று இப்போதைக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணச் சொற்கள்தான் இருக்கின்றன. மட்டக்களப்பு, மன்னார், அம்பாறை, மலையகம், புத்தளம் பக்கத்தவர்கள் உங்கள் வீட்டில் வயசான ஆட்கள் நோவை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அவர்களுடைய குரலிலேயே அனுப்புங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு.